பிழையான விலாசத்துக்கு வந்த இரண்டு கடிதங்கள்

தம்பி,

உன் பெட்டியை நான் திறந்து பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் உனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும் என்பதால் அதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நீ கிப்ஸ்லாந்து மலைக்காட்டுக்கு உத்தியோகம் பார்க்கப் போகிறாய். பிள்ளை தூர இடம் போகும்போது பெற்றவர்கள் புத்திமதி எழுதிக் கையில் கொடுப்பது வழக்கம். அந்த வகைக் கடிதங்களை நான் நிறைய வாசித்திருக்கிறேன்; நகரசபை நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டும் வேலை பார்ப்பவளுக்கு எதையும் வாசிக்காமல் இருப்பது கடினம். அவற்றில் ஒன்றையும் நான் முழுதாக நம்பியதில்லை. எழுதியவர் தான் செய்த ஒரு காரியத்தை மூடி மறைக்கத்தான் பிள்ளைக்குப் பத்துப் புத்திமதி சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும். நான் செய்த காரியத்தை மறைக்காமல் எழுதப்போகிறேன். ஆகவே இதில் புத்திமதி குறைவாகத்தான் இருக்கும்.

இதன் ஒரு பிரதியை மெல்பேர்ன் தமிழ்ச் சங்கத்தின் மலருக்கும் கொடுத்திருக்கிறேன். செயலாளர் வாசித்துவிட்டு, "அக்கா, இது உங்கட வீட்டு விசயமெல்லோ?" என்று கேட்டார். "பொய்யை எல்லா வீட்டுக்கும் சொன்னனான் தம்பி, திருத்தத்தையும் எல்லா வீட்டுக்கும் அனுப்பும்" என்றேன். மலர் ரோனியோ மெஷினில் பிரதிகளாகச் சுற்றி வெளிவருவதற்குள் நீ போய்விடுவாய் என்பதால் உன் பிரதியை மேசையில் வைக்கிறேன். அவசரத்துக்குக் காரணம் உன் வசந்தன் மாமா. என் கடைசித் தம்பி, உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட. சென்ற வருடம் இங்கே வந்து, நம் பின்னறையில் இருந்துகொண்டு டிராமில் சீட்டுக் கொடுக்கிறான். வயது கூடியவர்களும் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று உன் அப்பா ஒரு படிவம் வாங்கிவந்து கொடுத்தார். பொறியியல் படிக்கலாம். இந்த மாத முடிவுக்குள் அனுப்பவேண்டும். அவன் அதை நிரப்பமாட்டேன் என்கிறான். அவன் நிரப்பாததற்குக் காரணம் நான். எப்படி என்று விளங்கப்படுத்த, நீ பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான எச்.எஸ்.சி. எழுதிய வருடத்துக்குப் போகவேண்டும்.

அந்த வருடம் உனக்குப் பதினெட்டு வயது. நாங்கள் கிளென் வேவர்லிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரயில் பாதை முடியும் இடம், வீட்டுக்குப் பின்னால் அப்போது இன்னும் பழத்தோட்டம். வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கேக்கோடு வந்து கதவைத் தட்டினாள். "வீட்டை நோட்டம் பாக்க வந்திருக்கிறாள்" என்று நான் அப்பாவிடம் சொன்னேன். "நல்ல மனுசியப்பா, ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?" என்றார் அவர். கேக்கைத் தந்துவிட்டு அவள் குளியலறை எங்கே என்று கேட்டாள், போகும் வழியில் மூன்று அறைக் கதவையும் திறந்து பார்த்தாள். கேக் நன்றாகத்தான் இருந்தது. என் சந்தேகங்கள் எல்லாம் பிழை என்று நீயும் அப்பாவும் சொல்லும்போது அந்தக் கேக்கை நினைத்துக்கொள். சந்தேகப்படுபவர்களின் கஷ்டம் என்னவென்றால் இடைக்கிடை அவர்கள் சொல்வது சரியாகவும் போய்விடுகிறது.

வசந்தனுக்கு இடம் தராமல் ஏமாற்றிவிடுவார்கள் என்று நான் பட்ட சந்தேகமும் சரியாகத்தான் போனது. எங்கள் நாட்டில், தமிழில் பரீட்சை எழுதுகிற பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் போக மற்றப் பிள்ளையைவிடக் கூடிய புள்ளி எடுக்கவேண்டும் என்று ஒரு வருடம் விதி வந்தது. அதற்குத் தரப்படுத்தல் என்று பெயர் வைத்தார்கள். பிறகு மாவட்டக் கணக்கும் வந்தது: பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்குக் குறைந்த புள்ளி போதும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் போதாது. வசந்தனுக்கு முதல் தடவை எந்த வருடமும் போதுமாக இருந்திருக்கக்கூடிய புள்ளி வந்தது, அந்த வருடத்தைத் தவிர. இரண்டாம் தடவை பின்தங்கிய வன்னியில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் போய் இருந்துகொண்டு, அந்த விலாசத்தைக் கொடுத்து எழுதினான். ஊரில் நம் அயலில் யாரோ கையெழுத்தில்லாமல் ஒரு பெட்டிசன் போட்டார்கள். அவன் அந்த மாவட்டத்துப் பிள்ளை இல்லை என்று பெயரை வெட்டிவிட்டார்கள். அந்தச் செய்தி கொண்டுவந்த கடிதத்தை நான் வாசித்த அதே கிழமைதான் நீ உன் பல்கலைக்கழகப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

ஆகவே நான் அந்தப் படிவத்தை எப்படி வாசித்தேன் என்று யோசித்துப் பார். பெயர், சரி. பிறந்த இடம், ஏன் கேட்கிறார்கள்? விலாசம், ஏன் கேட்கிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு நானே வந்து உன் ஆலோசனை வாத்தியாரைக் கேட்டேன். அவர் மிகவும் பொறுமையாக, "கடிதம் அனுப்புவதற்கு, மேடம்" என்றார். இப்படி ஒரு பதிலைச் சொல்ல இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நல்ல பள்ளிக்கூடங்கள் உள்ள இடம் என்று வீடு பார்த்து வந்த கிளென் வேவர்லி, கணக்கின்படி யாழ்ப்பாணம்தான் என்று எனக்கு விளங்கியது. எங்களுக்கு ஒரு வன்னி தேவைப்பட்டது. வடக்கே மூன்று மணித்தியால ரயில் தூரத்தில், பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலைகள் உள்ள ஷெப்பர்ட்டனில், எங்களுக்குத் தெரிந்த மங்கை அக்கா இருந்தார்.

மங்கை அக்காவின் புருஷன் அங்கே டொக்டர். அவர்களுடைய மகள் வதனியும் உன்னோடு அதே பரீட்சை எழுதினாள். அவள் எதற்கு விண்ணப்பிக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது, நீ எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளை எதற்கு விண்ணப்பித்தது என்பதை முடிவு வரும்வரை வெளியில் சொல்வதில்லை, சொன்னால் கண்ணூறு. யாராவது கேட்டால், "அவன் எங்க படிக்கிறான், நெடுகக் கிரிக்கெட்" என்று நான் சொல்லவேண்டும். "இவள் மட்டும் என்ன, கதைப்புத்தகத்தோட கிடக்கிறாள்" என்று மங்கை அக்கா சொல்லவேண்டும். இரண்டு பிள்ளைகளும் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் விலாசத்தை எப்படிக் கேட்பது? தொலைபேசி எடுத்து, எங்கள் தெருப் பொடியன்கள் கடிதப் பெட்டிகளுக்குள் வெடி போடுகிறார்கள், ஆகவே குமரனுக்கு வரும் சில கடிதங்களை உங்கள் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லலாமோ என்றேன். "அதுக்கென்ன தங்கச்சி, தாராளமா வரட்டும்" என்றார் உடனே. அவ்வளவு உடனே சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். என்ன என்று பிடிபடவில்லை.

படிவத்தைக் குசினி மேசையில் வைத்து நிரப்பினோம். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். முதலாவது விருப்பம், மருத்துவம். இரண்டாவது விருப்பம், மற்றப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். மூன்றாவது, பல் வைத்தியம். அதற்குக் கீழேயுள்ள கோடுகளை வெறுமையாக விடலாமோ என்று நீ கேட்டாய், வெறுமையாக விட்டால் தாங்களே ஏதாவது எழுதிவிடுவார்கள் என்று நான் சொன்னேன். உன் கையெழுத்து அன்று மிக அழகாக இருந்தது. விலாசம் என்ற இடத்தில் ஷெப்பர்ட்டன் என்று எழுதும்போது நீ சிரிக்கக்கூட இல்லை. அடுத்த நாள் நீயே கொண்டுபோய்த் தபாலில் போட்டாய்.

ஜனவரியில் பரீட்சை முடிவு பள்ளிக்கூடத்தில் பதிந்திருந்த விலாசப்படி நம் வீட்டுக்கே வந்தது. மருத்துவத்துக்குப் போதும் என்று எல்லாரும் சொல்லக்கூடிய புள்ளி. எனக்கு நிம்மதி வரவில்லை. வசந்தனுக்கும் போதும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இனி இடம் கிடைத்ததா என்ற கடிதம் வரவேண்டும். வந்தால் அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சம்மதச் சீட்டைத் திருப்பி ஒப்படைக்கவேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். திங்கட்கிழமை தபால்காரர் போனதும் நான் பெட்டியைத் திறந்தேன். நம் கடிதம் அங்கே வராது என்று தெரிந்தும் திறந்தேன். பல்கலைக்கழக உறை ஒன்று கிடந்தது. அதில் வதனியின் பெயர், நம் வீட்டு விலாசம்.

அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"இது என்ன?"

"ஓ, வந்திட்டுதோ? டொக்டர் கேட்டவர். பிள்ளைக்கு எங்கட விலாசத்தைக் குடுக்கலாமோ எண்டு."

"எப்ப?"

"போன வருசம், ஒக்டோபர் போல."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு மங்கை அக்கா சொன்னவவாம்."

"நான் ஒருத்தரோ?"

அப்பா மற்றச் சப்பாத்தைக் கழற்றினார். "மங்கை அக்கா நினைக்கிறா," என்றார், "நாட்டுப்புற விலாசத்தைக் கண்டா மெடிசின் தரமாட்டாங்களாம். கிளென் வேவர்லி எண்டா நல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளை எண்டு நினைப்பாங்களாம்."

நான் நகரத்துப் பிள்ளையை நாட்டுப்புறமாக்கினேன், அவர் நாட்டுப்புறத்துப் பிள்ளையை நகரமாக்கினார். இந்த நாட்டில் அந்த வருடம் இப்படி ஒரு காரியத்தைச் செய்யக்கூடிய பெண்கள் இரண்டே பேர் இருந்திருப்பார்கள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாகவும் இருந்தோம். அன்றே சிரித்துவிட்டுத் தொலைபேசி எடுத்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன். ஒட்டிய காகிதத்தை ஆவி காட்டிக் கிழியாமல் பிரிப்பதும், பிரித்த அடையாளம் தெரியாமல் திரும்ப ஒட்டுவதும் என் தொழில். வதனிக்கு மருத்துவம் கிடைத்திருந்தது. வாசித்து, நூலகப் பசையால் ஒட்டி, அரிசி டின்னுக்குள் புதைத்தேன். வதனியின் கடிதத்தை இப்போதே கொடுத்துவிட்டால், உன்னுடையதைக் கேட்டு வாங்க என் கையில் என்ன இருக்கும் என்பதுதான் அப்போது என் நியாயம். அதற்குப் பின்னால் இன்னொரு நியாயமும் இருந்தது: அவளுக்குக் கிடைத்துவிட்டது, உனக்கு இன்னும் தெரியாது. அதை நான் அன்று எனக்கே சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மங்கை அக்கா தொலைபேசி எடுத்தார். தூர அழைப்பு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பீப் சத்தம் கேட்கும்.

"தங்கச்சி, அங்க தபால் எல்லாம் ஒழுங்கா வருதோ?"

"வருது அக்கா. அங்க?"

"இங்கயும் வருது."

"ஏதும் விசேசமோ?"

"ஒரு விசேசமும் இல்லை. அங்க?"

"இங்கயும் இல்லை அக்கா. நல்ல வெய்யில்."

பீப் அடித்தது. இரண்டு பேரும் வைக்கவில்லை. இன்னொரு மூன்று நிமிடம் வெய்யிலைப் பற்றிக் கதைத்தோம். புதன்கிழமை நான் எடுத்தேன். அதே கதை, அதே வெய்யில். உன் கடிதம் அவரிடம் இருக்கிறது என்று எனக்கு அவர் குரலில் தெரிந்தது. என் குரலில் அவருக்கும் தெரிந்திருக்கும். நீ அந்த நாட்களில் தோட்ட நாற்றுப் பண்ணையில் விடுமுறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். "கடிதம் வந்ததோ அம்மா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்பாய், நகத்துக்குள் மண்ணோடு. "பொறு" என்பேன்.

வியாழக்கிழமை பின்னேரம், பழைய ஃபாரன்ஹைட் கணக்கில் நூறு பாகை வெய்யில். மணி ஒலித்தது. திறந்தால் வதனி. மத்தியானம் ரயில் ஏறி, நகரத்தில் இறங்கி, இன்னொரு ரயில் மாறி, ஸ்டேசனிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அன்ரி, எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டும் வரேல்லை."

தம்பி, இதை மறுபடியும் எழுதுகிறேன்: வெய்யிலில் நடந்து வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் நான் பொய்யைக் கொடுத்தேன். பிறகுதான் தண்ணீர் கொடுத்தேன். அவள் முழுவதையும் குடித்து, கைப்பையைத் திறந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது குமரன்ர. திங்கக்கிழமை வந்தது. அம்மா மா டின்னுக்குள்ள வச்சிருந்தவ. உங்களிட்டை இருந்து என்ர வந்தாத்தான் குடுப்பன் எண்டு அப்பாவோட சண்டை. நான் எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"மெல்பேர்னில பல்லு டொக்டரிட்டை எண்டு சொன்னனான்." பிறகு, குரலை உயர்த்தாமல், "இப்ப என்ர கடிதம், அன்ரி" என்றாள்.

நான் குசினிக்குப் போய் டின்னுக்குள் கையை விட்டேன். அவள் பின்னால் வந்து வாசலில் நின்றாள். உறையை வாங்கி விரலால் தட்டினாள்.

"அரிசியோ அன்ரி?"

"ஓம் பிள்ளை."

"மாவை விட அரிசி நல்லம். தட்டினாப் போயிடும்."

அவள் கடிதத்தைத் திறந்து வாசித்தாள், திரும்பவும் வாசித்தாள். நான் ஒன்றும் தெரியாதவளாக, "என்ன பிள்ளை, மெடிசினோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. எதற்கு விண்ணப்பித்தாள் என்று அவள் எனக்கு ஒருநாளும் சொல்லியதில்லை. அவள் என்னைப் பார்த்து, "ஓம் அன்ரி. உங்களுக்குத்தான் முதலே தெரியுமே" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உன் உறையை மங்கை அக்காவும் ஆவி காட்டித்தான் திறந்திருக்கிறார். ஆனால் மாவைக் கரைத்து ஒட்டியிருந்தார். காய்ந்து, தொட்டதும் கழன்றது. நான் வாசித்தேன். வனவியல் என்றிருந்தது. பக்கத்தில், உமது முதலாவது விருப்பம் என்றிருந்தது.

என் புத்தி ஓடிய ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன். முதலில், தரப்படுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்து, யாரோ அலுவலக எழுதுவினைஞன் பெயரைப் பார்த்துவிட்டு மாற்றியிருக்கிறான் என்று. அடுத்து, மங்கை அக்கா வேறு பிள்ளையின் கடிதத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டார் என்று. வேறு பிள்ளையின் கடிதத்தில் உன் பெயர் எப்படி வந்தது என்று யோசிக்க எனக்கு நேரமிருக்கவில்லை.

"பிழையாப் போட்டிருக்கிறாங்கள் பிள்ளை. இவன் மெடிசின் எண்டெல்லோ எழுதினவன்."

வதனி எட்டிப் பார்த்தாள். "முதலாவது விருப்பம் எண்டா அவர் எழுதினது அன்ரி. அவங்கள் தாங்களா ஒண்டும் எழுதமாட்டாங்கள்."

"நான் பக்கத்தில இருந்து பாத்தனான்."

"பள்ளிக்கூடத்தில படிவம் எவ்வளவும் கிடக்கும் அன்ரி. வேற ஒண்டு எடுத்திருப்பார்."

அப்போதுதான் விளங்கியது. நீ வேறு படிவம் எடுத்து, உன் விருப்பத்தை முதலாவது கோட்டில் எழுதி, விலாசத்தை மட்டும் நான் சொன்னபடியே ஷெப்பர்ட்டன் என்று விட்டிருக்கிறாய். அம்மாவின் ஒரு சொல்லையாவது கேட்போம் என்று விட்டாயோ, அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து விட்டாயோ, தெரியாது. வாத்தியாரை, எழுதுவினைஞனை, மங்கை அக்காவை, பக்கத்து வீட்டுக் கேக்கை எல்லாம் சந்தேகித்தேன். உன்னைச் சந்தேகிக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

இனிச் சொல்வதுதான் நீ அறியாதது. உன் உறை என் கையில் இருந்தது. அரிசி டின் திறந்தபடி இருந்தது. நாளை ஐந்து மணிவரைக்கும் அந்த உறை உன் கைக்கு வராவிட்டால் வனவியல் இடம் போய்விடும். பிறகு இரண்டாம் சுற்று உண்டு. விருப்பங்களை மாற்றி எழுதலாம். உன் புள்ளிக்கு அதில் மருத்துவம் கிடைக்கக்கூடும். ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஒரு நாள் சும்மா இருந்தால் போதும். நான் வதனியிடம், "நீ வெளிக்கிடு பிள்ளை, ரயில் பிந்திப்போகும்" என்றேன்.

"குமரன் வந்தாப் பிறகு போறன் அன்ரி."

"நான் குடுக்கிறன்தானே."

"ஓம் அன்ரி, குடுப்பீங்கள். நான் சும்மா இருக்கிறன்."

உறை கிடந்த மேசைக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தாள். நாலரை மணியிலிருந்து ஆறு மணிவரைக்கும் இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தாள். வடை பொரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள். ஒரு கண் உறையில்தான். தன் தாயிடமிருந்து ஒரு கடிதத்தைக் களவெடுத்துக்கொண்டு வந்த பிள்ளை, என்னை மட்டும் ஏன் நம்பவேண்டும்? அவள் பார்த்துக்கொண்டிருக்க, நான் பசைப் போத்தலை எடுத்து உன் உறையை ஒழுங்காக ஒட்டினேன்.

நீ வந்தாய். கடிதத்தைக் கொடுத்தேன். கொடுக்கும்போது உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. நீ வாசித்தாய், ஒரு கணம் உன் முகம் விளக்குப்போல எரிந்தது, உடனே அணைத்துவிட்டாய். "மெடிசின் தரேல்லை அம்மா. ஃபொரஸ்ட்ரிதான் தந்திருக்கிறாங்கள்" என்றாய். நான் "அநியாயம்" என்றேன். வதனி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கொங்கிராஜுலேஷன்ஸ், குமரன்" என்றாள். அன்று உனக்கு அதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அப்பா வந்து அவளைக் காரில் ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டார். அடுத்த நாள் உங்கள் இரண்டு பேருடைய சம்மதச் சீட்டுகளையும் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்றே நான் உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், நான் சம்மதிக்கவோ மறுக்கவோ வேண்டியிருந்திருக்கும். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை. என் மகனை ஏமாற்றிய ஒரு நாடு எனக்கு வசதியாக இருந்தது. ஆகவே மெல்பேர்னில் உள்ள ஒவ்வொரு தமிழ் வீட்டிலும், ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும், நல்ல புள்ளி எடுத்த என் பிள்ளையை இங்கேயும் தரப்படுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். நாலு வருடம் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடைசியில் உன் பெயரைப் பார்த்து முகம் சுளித்த ஓர் அதிகாரிகூட அதில் வந்துவிட்டார். மங்கை அக்கா ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்து, "பாவம் தங்கச்சி, என்ன அநியாயம்" என்பார். உன் கடிதத்தை எனக்கு முன்னால் வாசித்தவர் அவர். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நாலு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் நல்ல சிநேகிதிகள்.

நீயும் என்னைத் திருத்தவில்லை. நான் கதை சொல்லும்போது நீ எழும்பி வெளியே போய்விடுவாய். அவமானம் தாங்காமல் போகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

இந்தப் பொங்கல் கூட்டத்திலும் சொன்னேன். வசந்தன் கோப்பையோடு பக்கத்தில் நின்றதை நான் கவனிக்கவில்லை. காரில் திரும்பி வரும்போது, பின் இருக்கையிலிருந்து, "இங்கயுமோ அக்கா?" என்று கேட்டான். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திடுக்கிட்ட குரல் இல்லை. எதிர்பார்த்த ஒன்று வந்து சேர்ந்த குரல். நான் "ஓமடா" என்றேன். அப்பா அதற்குப் பிறகுதான் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வசந்தன் அதை நன்றாக மடித்து யன்னல் ஆடாமல் இருக்க இடுக்கில் செருகிவைத்திருக்கிறான். "ரெண்டு தரம் ஏமாந்தது காணும் அத்தான்" என்றானாம். அவனுக்கு உண்மையில் நடந்த அநியாயத்தை எடுத்து, உனக்கு நடக்காத அநியாயத்துக்கு உடுத்திவிட்டேன். இப்போது அவன் அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையது என்று நினைக்கிறான்.

சென்ற கிழமை அவனைக் கூப்பிட்டு இருத்தி, இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

"என்னைப் படிக்க வைக்கிறதுக்காகச் சொல்லுறாய் அக்கா."

"சத்தியமாடா."

"மெடிசின் கிடைக்கிற புள்ளியோட எந்தத் தமிழ்ப் பொடியன் மரத்தை முதலாவதா எழுதுவான்? கதை எண்டாலும் ஒரு அளவு வேணும்."

"அத்தானைக் கேள்."

"அத்தான் நீ சொல்லுறதைத்தான் சொல்லுவார்."

"வதனியைக் கேள். டொக்டர் பிள்ளை பொய் சொல்லுமோ?"

"நீ சொல்லிக்குடுத்திருப்பாய்."

அவன் சந்தேகப்படும் விதத்தில் ஒரு குறையும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவன் என் தம்பி. இதே புத்தி இருக்கும்.

புத்திமதி குறைவு என்று சொன்னேன், ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் அன்று உன் கடிதத்தை உன்னிடம் கொடுத்தது நல்ல தாய் என்பதால் இல்லை. என்னை நம்பாத ஒரு பிள்ளை எதிரே கதிரை போட்டு இருந்ததால். நீ போகும் இடத்திலும் அதற்குப் பிறகும், உன்னை முழுதாக நம்பாத ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். உன்மேல் அன்புள்ளவர்கள் எழும்பிப் போய்விடுகிற நேரங்களில் அவர்கள் இருப்பார்கள்.

நீ ஏன் காட்டை எழுதினாய் என்று நான் இதுவரை கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் செலவழித்துவிட்டேன். ஆனால் மாமாவுக்கு நீ சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை பத்து மணிக்குத்தான். சாமான்களைக் காரில் ஏற்ற முன்னால் அவனோடு கொஞ்ச நேரம் இரு. வேறு படிவத்தை யாரிடம் வாங்கினாய், எந்த மேசையில் வைத்து எழுதினாய், எழுதும்போது என்ன நினைத்தாய், எல்லாவற்றையும் சொல். நானே எழுதினேன் மாமா, ஒருவரும் என்னை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்.

அந்த நேரம் நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேசன்வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். நான் வீட்டில் இருந்தால் அவன் நம்பமாட்டான்.

அம்மா